மனநல ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனநல மருத்துவமும் உளவியலும் படிக்கும் இளையோர் சிலர், தங்கள் ஆய்வை இதழ்களுக்கு அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தார்கள். அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கு அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது நோயாளியைப் பற்றியது.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் மனநல மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. கணவரைப் போலவே உருவம் கொண்ட வேறொருவர் தம் வீட்டில் வந்து தங்கியிருப்பதாக உறுதியாக நம்பிய ஒரு பெண்மணிக்கு எங்கள் பிரிவில் சிகிச்சை அளித்தோம். இப்போது நலமாக இருக்கிறார். இதைக் கேஸ் ரிப்போர்ட்டாக, அதாவது ஒரு நோயாளியின் நோய் வரலாற்றைச் சொல்லும் கட்டுரையாக, எழுதியிருக்கிறேன். பெயரை நீக்கிவிட்டேன். அது போதுமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: போதாது அம்மா. ஏன் போதாது என்பதற்கு நம் துறையின் மிகப் புகழ்பெற்ற நோய் வரலாறு ஒன்றே சாட்சி. வியன்னாவில் 1880 முதல் 1882 வரை மருத்துவர் யோசப் பிராயர் சிகிச்சை அளித்த ஓர் இளம்பெண்ணின் கதை, 1895இல் 'அன்னா ஓ.' என்ற புனைபெயரில் வெளியாயிற்று. அவருடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். அப்பெயரின் இரண்டு முதலெழுத்துகளையும் ரோமன் எழுத்து வரிசையில் அதனதன் முந்தைய எழுத்தாக மாற்றினால் கிடைப்பதுதான் அன்னாவின் 'அ'வும் 'ஓ'வும். அந்தப் பெண் பின்னாளில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான கூட்டமைப்பை 1904இல் தொடங்கி, சமூகப் பணிக்கே வாழ்வைக் கொடுத்து, 1936இல் மறைந்தார். பிராயரோடு இணைந்து அந்த நோய் வரலாற்றை வெளியிட்ட ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ், 1953இல் அன்னா ஓ. யார் என்பதைப் பெயர் சொல்லி அச்சிட்டார். இறந்து பதினேழு ஆண்டுகள் ஆன ஒருவரிடம் யார் போய் அனுமதி கேட்பது?

நீங்கள் எனக்கு அனுப்பிய வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "43 வயதான, தீப்பெட்டி ஆலையில் கணக்கராகப் பணிபுரியும், இரட்டைப் பெண் குழந்தைகளின் தாயான இவர், சென்ற ஆண்டு ஊர்க் கோயில் கொடையின்போது கணவரைத் தாக்க முற்பட்டதால் அழைத்து வரப்பட்டார்." பெயர் இல்லைதான். ஆனால் அந்த ஊரில் இதைப் படிக்கும் எவருக்கும் அடுத்த வரிக்குப் போகும் முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிடும். "நாற்பதுகளில் உள்ள, வேலைக்குச் செல்லும், திருமணமான பெண் ஒருவர், கணவரைத் தாக்க முற்பட்டதால் அழைத்து வரப்பட்டார்" என்று எழுதுங்கள். மருத்துவச் செய்தி எதுவும் குறையவில்லை என்பதை நீங்களே பார்க்கலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆளை மறைப்பதற்காக வயதையோ தொழிலையோ வேறொன்றாக மாற்றி எழுதாதீர்கள். நாளை பல நேர்வுகளைத் தொகுத்து ஆராய்பவர், நீங்கள் கற்பனையாக இட்ட வயதை உண்மைத் தரவாக எடுத்துக்கொள்வார். விட்டுவிடலாம்; பொய்யாக நிரப்பக் கூடாது. நிழற்படம் வைக்க நினைத்திருந்தால், கண்களின் மேல் கருப்புப் பட்டை இடுவது அடையாளத்தை மறைத்ததாகாது என்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய நோயாளிக்கு, வெளியாகவிருக்கும் கட்டுரையைக் காட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் அக்குழுவின் விதி.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதன் 23ஆம் பிரிவில், தம் நோயும் சிகிச்சையும் பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. ஆகவே எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் இந்தக் கட்டுரை உங்கள் மேசையை விட்டு நகரக் கூடாது. சேர்க்கையின்போது சிகிச்சைக்காகப் பெற்ற கையெழுத்து இதற்குச் செல்லாது. நோய் உச்சத்தில் இருந்தபோது வாங்கிய ஒப்புதலும் முறையானதன்று. அவர் நலமடைந்து, தானே முடிவெடுக்கும் நிலையில், மறுபரிசோதனைக்கு வரும் நாளில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தை நீட்டாமல் வாயால் சொல்லுங்கள்: "அம்மா, உங்களுக்கு வந்த சிரமத்தையும் அது தீர்ந்த விதத்தையும் மற்ற டாக்டர்கள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி எழுத விரும்புகிறேன். பெயரும் ஊரும் இருக்காது. ஆனாலும் உங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் படித்தால் நீங்கள்தான் என்று ஊகிக்க இடமுண்டு. வெளிவந்த பிறகு திரும்ப வாங்க முடியாது. வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது." பிறகு, எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் அப்படிப் படித்துக் காட்டியபோது, பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகளின் திருமணத்துக்குத் தாம் போகாததைச் சொல்லும் வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். அந்த வரி அங்கே எதற்காக இருந்தது என்று எனக்கே அப்போதுதான் கேள்வி எழுந்தது.

இன்னொன்று. நெருங்கியவரின் உருவத்தில் வேறொருவர் வந்திருக்கிறார் என்ற இந்த நம்பிக்கையை ஜோசப் கப்கிராவும் அவருடைய சக மருத்துவரும் பிரான்சில் 1923இலேயே எழுதிவிட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ நேர்வுகள் வந்துவிட்டன. உங்கள் நோயாளியிடம் புதிதாகக் கற்றது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் துறைக் கூட்டத்தில் பேசுவதோடு நிறுத்திக்கொள்வதே அந்தப் பெண்மணிக்கு நாம் செய்யும் மரியாதை.

கேள்வி: மனச்சோர்வு பற்றிய என் முதுநிலை ஆய்வேடு 110 பக்கம். ஹாமில்டன் அளவுகோலைப் பயன்படுத்தினேன். அதைச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியதில், கட்டுரையைப் படித்துத் தரம் பார்க்கும் மதிப்பாய்வாளர்களுக்கே அனுப்பாமல் பத்தே நாளில் திருப்பிவிட்டார்கள். பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்திருந்தும் ஏன் இப்படி?
— வாசகர், சேலம்

பதில்: ஆய்வேட்டில் நாம் படித்த எல்லாவற்றையும் தேர்வாளருக்குக் காட்டுகிறோம். கட்டுரையில் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்கிறோம். பெரும்பாலான இதழ்கள் மூவாயிரம் சொற்களை ஒட்டித்தான் இடம் தருகின்றன. 110 பக்கத்தைக் கசக்கி அதற்குள் அடக்கினால் கேள்வி எது என்றே தெரியாமல் போய்விடும். ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, அதன் முதன்மைக் கேள்வியை மட்டும் வெள்ளைத் தாளில் எழுதி, அதிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

திருப்பி அனுப்பியதற்கான காரணம் பெரும்பாலும் ஆய்வுமுறைப் பகுதியில்தான் இருக்கும். மாக்ஸ் ஹாமில்டன் 1960இல் வெளியிட்ட அந்த அளவுகோல், மனச்சோர்வு என்று ஏற்கெனவே நோயறியப்பட்டவரிடம் அதன் கடுமையை, பயிற்சி பெற்றவர் நேர்காணல் செய்து மதிப்பிடுவதற்கானது. நீங்கள் அதைக் கொண்டே, வெளிநோயாளிகளில் யாருக்கு மனச்சோர்வு உண்டு என்று தீர்மானித்திருக்கிறீர்கள். கருவி ஒரு வேலைக்கு, பயன்பாடு வேறொரு வேலைக்கு. நோயறிதலுக்கு எந்த வரையறையைப் பின்பற்றினீர்கள், நேர்காணல் செய்தவர் யார், அவருக்கு ஆய்வின் மற்ற விவரங்கள் தெரிந்திருந்தனவா, தமிழ் வடிவத்தை யார் மொழிபெயர்த்தார்கள், அது நம் மக்களிடம் சரிபார்க்கப்பட்டதா என்பவையெல்லாம் கட்டுரையில் இருந்தாக வேண்டும். நோயாளி தாமே நிரப்பும் வினாத்தாள் வேண்டியிருந்தால், 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் பிஹெச்க்யூ-9 அனுமதி கேட்காமலே பயன்படுத்தக்கூடியது. எல்லாக் கருவிகளும் அப்படியல்ல. சிலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு, உரிமம் வாங்க வேண்டும்.

பி மதிப்பு, உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும்; வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது. இரு குழுக்களின் சராசரிக்கிடையே எத்தனை மதிப்பெண் வித்தியாசம், உண்மை வித்தியாசம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95% நம்பக இடைவெளி என்ன என்று எழுதுங்கள். ஒரே வேளையில் எடுத்த கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு "தூக்கமின்மை மனச்சோர்வை உண்டாக்குகிறது" என்று முடிவுரையில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தரவு அந்தப் பாரத்தைத் தாங்காது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்று மட்டுமே சொல்லலாம். இத்தகைய ஆய்வுகளில் எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு 2007இல் வெளியான ஸ்ட்ரோப் பட்டியல் இருக்கிறது. அனுப்பும் முன் அதை வைத்து வரிக்கு வரி சரிபாருங்கள். வருங்காலத்தில் மருந்தையோ சிகிச்சையையோ ஒப்பிடும் ஆய்வு செய்வதாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சிடிஆர்ஐயில் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் பதிவு செய்வதைப் பல இதழ்கள் ஏற்பதில்லை.

எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது பல இதழ்களின் விதி. உங்கள் முகப்புப் பக்கம் தனிக் கோப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைச் சொல்லும் இடத்தில் கல்லூரியின் பெயர் முழுதாக இருக்கிறது. வேர்டு கோப்பின் பண்புகளைத் திறந்தால் உங்கள் பெயரும் வருகிறது. இரண்டையும் நீக்குங்கள். நோயாளிகளை "ஸ்கிசோஃப்ரீனிக்குகள்", "டிப்ரெசிவ்கள்" என்று குறிப்பிட்டிருப்பதையும் மாற்றி, அந்த நோய் உள்ளவர்கள் என்று எழுதுங்கள். நோயின் பெயரே மனிதரின் பெயராகிவிடக் கூடாது.

கேள்வி: ஆய்வில் எந்தப் பங்கும் எடுக்காத மூத்தவர் ஒருவரின் பெயரை இரண்டாவதாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். மறுத்தால் மனவருத்தம் வரும். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. முதல் பதிலில் சொன்ன இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஒருவரைக் கட்டுரையின் ஆசிரியர் என்று சொல்ல நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வின் கருத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியது அல்லது கருத்துச் செறிவோடு திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பு. நான்கும் ஒருங்கே இருக்க வேண்டும். இதை நீங்கள் வாதமாக முன்வைக்க வேண்டியதில்லை. இதழ் கேட்கும் பங்களிப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்று, "சார், இதில் உங்கள் பங்கை எப்படிக் குறிப்பிடட்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வரைவைக் கொடுத்துத் திருத்தித் தரவும் வேண்டுங்கள். பகுப்பாய்வைச் சரிபார்த்து, எழுத்தையும் திருத்தித் தந்தால் அவர் உண்மையிலேயே ஆசிரியராகிவிடுவார். இல்லையென்றால் நன்றியுரையில் பெயர் இருக்கட்டும் என்று அவரே சொல்லக்கூடும். அடுத்த ஆய்விலாவது, தொடங்கும் நாளிலேயே யார் என்ன செய்வது, பெயர்கள் எந்த வரிசையில் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று நாளில் ஏற்றுக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழை நம்பலாமா? ஆங்கிலத்தைத் திருத்த செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், மதுரை

பதில்: நம்ப வேண்டாம். முறையான மதிப்பாய்வு மூன்று நாளில் நடக்காது. கட்டணம் கேட்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் பல முறையாகவே வாங்குகின்றன. ஆசிரியர் குழுவில் இருப்போர் உண்மையில் அந்தத் துறையினர்தாமா, நூலக அட்டவணைகளில் அந்த இதழ் இருப்பதாகச் சொல்வது மெய்தானா என்பதை அட்டவணையிலேயே தேடிப் பாருங்கள். பதில் வரத் தாமதமாகிறது என்று ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவை மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தினால், பயன்படுத்தியதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். அது ஆசிரியராக முடியாது. பிழை நேர்ந்தால் பொறுப்பு உங்களுடையதே. அது தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாக மூலத்தில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். நோயாளியின் வரலாற்றை மட்டும் அதில் இடவே இடாதீர்கள்.

கேள்வி: மதிப்பாய்வாளர்கள் இருவர் 23 குறைகளைச் சொல்லித் திருத்தக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று முரணாகவும் சில இருக்கின்றன. மனம் உடைந்துவிட்டது.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: திருத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுத உட்காராமல் இரண்டு நாள் கழித்து எடுங்கள். 23 குறைகளையும் அவர்கள் எழுதிய சொற்களிலேயே பிரதி எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பதிலையும் திருத்திய இடத்தின் பக்க, வரி எண்ணையும் குறியுங்கள். உடன்பாடில்லாத இடத்தில், நன்றி சொல்லிவிட்டு, ஏன் மாற்றவில்லை என்பதைக் காரணத்தோடு இரண்டு வரியில் எழுதலாம், அது தவறாகாது. இருவரும் முரண்படும் இடத்தில், எவர் சொன்னதை ஏற்றீர்கள், ஏன் என்பதை இதழாசிரியருக்கே வெளிப்படையாகத் தெரிவியுங்கள். புதிய பகுப்பாய்வு கேட்டு, அதற்குத் தேவையான தரவு உங்களிடம் இல்லையென்றால், இல்லை என்று ஒப்புக்கொண்டு அதை ஆய்வின் வரம்புகளில் சேர்த்துவிடுங்கள். இணை ஆசிரியர்கள் எல்லோரும் படித்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவேற்றுங்கள். கொடுத்த நாள் போதாது என்று தோன்றினால், கெடு முடியும் முன்பே இதழின் அலுவலகத்துக்கு எழுதிக் கூடுதல் நாள் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.