பச்சை கோபால்ட் சேர்மமும் சில்வர் நைட்ரேட் சோதனையும்

வணக்கம். நான்கு அம்மோனியாவும் மூன்று குளோரைடும் கொண்ட உங்கள் பச்சை கோபால்ட் சேர்மத்தில் ஒரு குளோரைடு மட்டுமே சில்வர் நைட்ரேட்டுடன் வீழ்படிவாகிறது என்பதால், தயாரிப்பே பிழையென்று எண்ணி, ஆய்வின் இரண்டாம் ஆண்டிலேயே துறையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், உங்கள் சோதனை முடிவு சரியானது. மற்ற இரண்டும் கோபால்ட்டுடன் நேரடியாகப் பிணைந்துள்ளதால் வீழ்படிவாவதில்லை. கரைசல் நின்றால் நீர் மூலக்கூறுகள் மெல்ல அவற்றின் இடத்தைப் பிடிப்பதால் நிறம் மாறி வீழ்படிவும் கூடும். எனவே பனிக்கட்டியில் குளிரவைத்த நீரில் கரைத்து உடனே சோதியுங்கள். இத்தகைய சேர்மங்களைக் கொண்டே வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் 1893-இல், உலோகத்தைச் சுற்றி ஆறு இணைப்புகள் அமையும் எண்முகி வடிவத்தை முன்வைத்தார். ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக அமைந்து, முனைவுற்ற ஒளியின் தளத்தைத் திருப்பும் ஒளிசுழற்றும் மாற்றியங்களைப் பிரித்து அதை நிலைநாட்ட அவருக்கு 1911 வரை ஆயிற்று. அடுத்து, உங்கள் சேர்மத்தின் அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த ஊதா மாற்றியத்தையும் தயாரித்து, இரண்டின் கரைசல்களின் மின்கடத்துதிறனையும் ஒப்பிடுங்கள்.