தீபாவளி விடுமுறையில் கனூ பயணம்: கூடாரத்தை எங்கே அடிப்பது?

வணக்கம். தீபாவளியை ஒட்டிய நீண்ட விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து நண்பர்களுடன் திரெங்கானு மாநிலத்திலுள்ள கென்யிர் ஏரிக்குச் சென்று, கனூ எனும் சிறு துடுப்புப் படகில் போய், ஓடை வந்து சேரும் மணல் திட்டில் இரண்டு இரவு தங்க எண்ணுவதாகவும், மழை வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த மணல் திட்டை மறந்துவிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலையில் பெய்த மழை ஓடையில் திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்வது இதைத்தான். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், சோற்றுப் பானையைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டில் ஏறிவிட வேண்டும். கூடாரத்தைக் கரையிலிருந்து நன்கு உயர்ந்த இடத்தில், பட்டுப்போன மரம் எதுவும் அருகில் இல்லாதவாறு பார்த்து அடியுங்கள். கனூவையும் மேலேற்றிக் கவிழ்த்து, மரத்தோடு கட்டிவையுங்கள்.

கூடாரத்துக்கு மேல் விரிக்கும் தார்ப்பாயின் அடியில் கயிறு ஓடினால், மழைநீர் அக்கயிற்றின் வழியே உள்ளே வந்து படுக்கையை நனைத்துவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. மரத்துக்கும் தார்ப்பாய்க்கும் இடையே கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

துடுப்புப் போடுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் கரையேறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் நீரில் இறங்குங்கள்.

தீபாவளி நவம்பரில் வந்தால், வடகிழக்குப் பருவமழை திரெங்கானுவை நெருங்கும் காலம் அது. மலேசிய வானிலைத் துறை தொடர்மழை எச்சரிக்கை விடுத்திருந்தால், கட்டிய முன்பணம் போனால் போகட்டும் என்று பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பதே என் ஆலோசனை.