ஸ்டம்ஃப் கட்டிய அபராதத்தில் எனக்குப் பங்கு வருமா?

கேள்வி: 2011-இல் கலிபோர்னியா வந்தோம். ஆறு வருடம் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் கணக்கு வைத்திருந்தோம். போலிக் கணக்கு விவகாரத்தில் அந்த வங்கித் தலைவர் கட்டிய அபராதத்தில் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு உண்டு என்கிறார், தெரிந்தவர் ஒருவர். என் கிரெடிட் ரிப்போர்ட்டில் நான் விண்ணப்பிக்காத ஒரு கார்டு இருக்கிறது. அதுவே ஆதாரம் என்றும், 350 டாலர் கொடுத்தால் பணத்தை வாங்கித் தந்து ரிப்போர்ட்டையும் சரிசெய்வதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? அவர் தந்த படிவத்தை இணைத்திருக்கிறேன். - ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள்.

அவர் சொல்லும் கதையில் பாதி உண்மை. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜான் ஸ்டம்ஃப் மினசோட்டாவில் ஒரு பால் பண்ணைக் குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். 2007-இல் வெல்ஸ் ஃபார்கோவின் தலைமை நிர்வாகி ஆனார். அடுத்த வருடமே தள்ளாடிக்கொண்டிருந்த வாக்கோவியா வங்கியை வாங்கி, நாடு முழுக்கக் கிளை பரப்பினார். 2015-இல் அந்த ஆண்டின் சிறந்த தலைமை நிர்வாகி என்று மார்னிங்ஸ்டார் நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பெருமைக்கு அடியில் இருந்தது, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்ற இலக்கு. அவருக்கு முன் இருந்த ரிச்சர்ட் கோவசெவிச் காலத்தில் தொடங்கியது அது. இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்று பயந்த கிளை ஊழியர்கள், கேட்காதவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். உங்கள் நிஜக் கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்துப் புதுக் கணக்கில் போடுவார்கள். தகவல் உங்களுக்கு வராமலிருக்க இல்லாத மின்னஞ்சல் முகவரியைப் பதிவார்கள். டெபிட் கார்டுக்கு ரகசிய எண்ணையும் அவர்களே போட்டுக்கொள்வார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதை 2013 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. கூட்டாட்சிக் கண்காணிப்பாளர்கள் அபராதம் போட 2016 செப்டம்பர் ஆனது! அந்த மூன்று வருடத்தில் எத்தனை குடும்பங்களின் பெயரில் கணக்கு முளைத்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

சரி, பணம் எங்கே போனது? 2016-இல் வங்கி கட்டிய 18.5 கோடி டாலர் அபராதம் அரசு அமைப்புகளுக்குப் போனது. ஸ்டம்ஃப் இழந்த சுமார் 6.9 கோடி டாலர் பங்குகளும் ஊதியமும் வங்கிக்கே திரும்பின. 2020 ஜனவரியில் அவர் 1.75 கோடி டாலர் அபராதம் கட்டி, வங்கித் தொழிலுக்குள் மறுபடி வராமலிருக்கச் சம்மதித்தார். அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. அதிலிருந்து உங்களுக்கு ஒரு காசும் வராது.

வாடிக்கையாளர்களுக்கென்று வந்தது 14.2 கோடி டாலர் கூட்டு வழக்கு உடன்பாடு. அதற்கு மனுப்போட கட்டணமே கிடையாது, அந்தக் கெடுவும் 2018-இலேயே முடிந்துவிட்டது. 350 அல்ல, 3,500 கொடுத்தாலும் அந்தக் கதவு திறக்காது.

இப்போது அந்தக் கார்டு. உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்த புதிதில், மனைவிக்கும் கிரெடிட் ஸ்கோர் வரட்டும் என்று கணவர் தன் கார்டில் அவர் பெயரைச் சேர்ப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். ரிப்போர்ட்டில் அந்தக் கார்டுக்கு நேரே உங்கள் பொறுப்பு என்ன என்று ஒரு வரி இருக்கும். ‘ஆத்தரைஸ்டு யூசர்’ என்று இருந்தால் கணக்கு அவருடையது, கடனுக்கும் அவர்தான் பொறுப்பு. உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி கார்டு கொடுத்த நிறுவனத்துக்கு அவரோ நீங்களோ ஒரு போன் போட்டால் போதும். ‘ஜாயின்ட்’ என்றால் இருவரும் பொறுப்பு, நீங்களும் எங்கோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ‘இன்டிவிஜுவல்’ என்று இருந்து, உங்களுக்கு நினைவே இல்லையென்றால் மட்டும் கவலைப்படுங்கள். என்னிடம் இப்படி வந்த ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை முதல் வகைதான். உங்கள் ‘தெரிந்தவர்’ அந்த வரியைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை.

அப்படிக் கவலைப்பட வேண்டியதாக இருந்தாலும் இடைத்தரகர் வேண்டாம். கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் நீங்களே ஆட்சேபம் எழுதலாம். கட்டணம் இல்லை, பொதுவாக முப்பது நாளில் விசாரித்தாக வேண்டும். சேமிப்புக் கணக்கு ஏதாவது உங்கள் பெயரில் திறக்கப்பட்டதா என்று பார்க்க வங்கிக் கணக்கு விவரங்களைத் திரட்டும் செக்ஸ் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்திடம் இலவசமாகவே அறிக்கை கேட்கலாம். கிரெடிட் ரிப்போர்ட்டைச் சரிசெய்கிறேன் என்பவர் வேலையை முடிக்கும் முன் பணம் வாங்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. கோயில் வாசலிலும் பிறந்தநாள் விருந்திலும் நம்மவரே நம்மவரிடம் முன்பணம் வாங்குவதைப் பார்த்து மனம் நொந்துதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படிவத்தின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். மேலே சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு ஒன்பது கட்டம். கீழே பொடி எழுத்தில், உங்கள் சார்பில் எல்லா நிதி நிறுவனங்களிலும் செயல்பட அவருக்கு அதிகாரம் தருவதாக ஒரு பத்தி. கேட்காமல் கணக்குத் திறந்த ஊழியர்களுக்குக்கூட உங்கள் கையெழுத்து கிடைக்கவில்லை. இவர் அதையும் கேட்கிறார்.

அந்தப் போலிக் கணக்கு விவகாரத்தில் சுமார் 5,300 ஊழியர்களின் வேலை போனது. கிளைகளை மேலிருந்து நடத்திய கேரி டோல்ஸ்டெட் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் 2023-இல் கிடைத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. இந்த அமைப்பு தானாக வந்து உங்களைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை அவரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால் இன்றே மூன்று நிறுவனங்களிலும் உங்கள் ரிப்போர்ட்டை முடக்கி வையுங்கள். அதுவும் இலவசம், கடன் வாங்கும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். அப்புறம் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் புகார் போடுங்கள். படிவத்தைக் கிழித்துவிடாதீர்கள், அவருடைய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள்.