மூன்று முறை விட்டும் 'கோளாறு இல்லை' என்கிறார்களா?

வாங்கி நான்கே மாதமான சொகுசு காரில் காலையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, சர்வீஸில் விட்டால் கழுவித் துடைத்து 'கோளாறு இல்லை' என்று திருப்பித் தருகிறார்கள் என்கிறீர்கள். எனக்கும் இதே கூத்து நடந்தது. அங்கே குறை சொல்ல முடியாதது காத்திருப்பு அறை சோபா மட்டும்தான்.

விளக்கு அணைந்தாலும் பிழைக் குறியீடு பெரும்பாலும் காரின் கணினியில் பதிந்திருக்கும். அதை அழிக்குமுன் அச்செடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முந்தின நாள் மாலையே காரை விட்டுவிட்டு, மறுநாள் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னிலையில் இயக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் பேட்டரியையும் சோதிக்கட்டும்; அது தளர்ந்தால் சம்பந்தமில்லாத விளக்குகள்கூட எரியும்.

காரை விடும்போது சர்வீஸில் புகாரை எழுதும் தாளான ஜாப் கார்டில் 'பொதுப் பரிசோதனை' என்று எழுத விடாதீர்கள். புகார் உங்கள் சொற்களிலேயே, தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் இருக்கட்டும். வாரண்டி முடிந்தபின் இதே கோளாறு வந்தால் காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.