வேலையில் மனநிறைவு இல்லையென்றால் வீட்டிலும் நிம்மதி போய்விடுமா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கின் பிறையில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சில வருடங்களாகவே வேலை பிடிக்கவில்லை. "உனக்கு ஆட்டிட்டியூட் பிராப்ளம்" என்கிறார் மேனேஜர். வீட்டில் மனைவி, "வேலைக் கோபத்தை இங்கே கொண்டுவராதீங்க" என்கிறாள். வேலைத் திருப்திக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை என் மனப்போக்குதான் கோளாறா?

பதில்:

தொடர்பு இருக்கிறது, தம்பி. மேனேஜர் சொன்னதை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளும் முன் அந்த மனப்போக்கு எங்கே விளைந்தது என்று பார்க்க வேண்டும். நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்து, லைன் லீடராகி, இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். "ஆட்டிட்டியூட் பிராப்ளம்" என்று முத்திரை குத்தப்பட்ட எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருடைய விஷயத்தில் கோளாறு வேலை அமைந்திருந்த விதத்தில்தான் இருந்தது.

முதலில் ஆய்வுகள் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். 1989இல் டெய்ட், பேட்ஜெட், பால்ட்வின் என்ற மூவர் அதுவரை வந்திருந்த 34 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலைத் திருப்திக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் உள்ள ஒட்டுறவு 0.44 என்று வந்தது. பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை, ஒன்று என்றால் இரண்டும் கூடவே ஏறி இறங்கும். மனித மனத்தை அளக்கும் ஆய்வுகளில் 0.44 கொஞ்சநஞ்ச எண் இல்லை. அதே கட்டுரையில் என் மனதில் தங்கிய செய்தி இன்னொன்று: 1974க்கு முந்தைய ஆய்வுகளில் ஆண்களுக்கு இந்தத் தொடர்பு பலமாகவும் பெண்களுக்கு மெலிவாகவும் இருந்தது, அதற்குப் பிந்தையவற்றில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

இதைப் படித்தபோது என் அம்மாதான் நினைவுக்கு வந்தார். பாயான் லெப்பாஸ் ஃபிரீ டிரேட் ஸோன் 1972இல் தொடங்கியது. இன்டெல் அந்த வருடமே இங்கே வந்துவிட்டது. அடுத்தடுத்த வருடங்களில் கடலுக்கு அக்கரையில், பெருநிலத்தில் இருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் பலர் ஃபேக்டரிக்கு வந்தார்கள். அம்மாவும் அப்படி வந்தவர்தான். தோட்டத்திலும் அவர் பெயரில் சம்பளம் உண்டு, ஆனால் கணக்குப் பார்த்துக் கையில் வாங்கியது தாத்தா. ஃபேக்டரியில் தன் கையெழுத்துப் போட்டுத் தானே வாங்கினார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. கண் எரியும், கழுத்து வலிக்கும். ஆனாலும் "இன்னிக்கு என் டிரேயில ஒண்ணுகூட ரிஜெக்ட் இல்ல" என்று சொல்லிக்கொண்டு வருகிற நாளில் வீடே வேறு மாதிரி இருக்கும். எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் திட்டிய நாளில் ஒரு வார்த்தை பேசாமல் சமைத்து முடிப்பார். நாங்களும் சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

உங்கள் மனைவி சொல்வது இதைத்தான். ஆனால் இது ஒருவழிப் பாதை கிடையாது. ஜட்ஜும் வாட்டனபேயும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே ஆட்களை ஐந்து வருட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள். வேலை வாழ்க்கையைப் பாதிக்கிறது, வாழ்க்கையும் வேலையைப் பாதிக்கிறது என்று தெரிந்தது. நீண்ட காலத்தில் பார்த்தால், வாழ்க்கையிலிருந்து வேலைக்குப் போகிற பாதிப்புதான் இரண்டில் பலமானது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக் கடன் தவணை தள்ளிப்போகிறது என்றால் எவ்வளவு நல்ல வேலையும் கசக்கும். ஆகவே உங்களுக்குள் இருக்கும் எரிச்சல் முழுவதும் ஃபேக்டரியிலிருந்து வந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். வீட்டில் ஏதாவது நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறதா என்று நீங்களும் மனைவியும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றும் கிடையாது. அதே இருவர் அடுத்த வருடம் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஏறத்தாழ 68 விழுக்காட்டினருக்கு வேலையும் வாழ்க்கையும் ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன, 20 விழுக்காட்டினர் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள், 12 விழுக்காட்டினர் ஒன்றில் கிடைக்காததை மற்றதில் தேடிக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். என் மாமா ஒருவர் இந்தக் கடைசி வகை. அடுக்குமாடி ஒன்றில் செக்யூரிட்டி வேலை, அதில் ஒரு சுவாரசியமும் இல்லை என்று அவரே சொல்வார். ஆனால் அவர் உறுமி மேளக் குழுவின் மூத்த ஆள். தைப்பூசத்துக்கு மாதக் கணக்கில் முன்பிருந்தே இளைஞர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் அவர் உறுமியை இழுப்பதைப் பார்த்தவர்கள் அவரைச் செக்யூரிட்டி என்று நினைக்கவே மாட்டார்கள். அவருக்கு அது நிஜமான நிறைவு, அதை மதிக்கிறேன். ஆனால் இதையே சாக்காக வைத்து "வேலை எப்படியிருந்தால் என்ன, வெளியே ஒரு பொழுதுபோக்கு வைத்துக்கொள்" என்று முதலாளிமார் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விழித்திருக்கும் நேரத்தில் பாதியை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதில் பொறுப்பு உண்டு.

இனி, நம் ஊர் ஃபேக்டரிகளில் நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். இங்கே வேலைத் திருப்தியும் வாழ்க்கைத் திருப்தியும் எதிரெதிராக இழுக்கும் இடம் ஒன்று உண்டு, அது ஓ.டி., அதாவது ஓவர்டைம். அடிப்படைச் சம்பளம் குறைவு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை மட்டும் வைத்து வாடகை, மோட்டார் தவணை, பள்ளிச் செலவு எல்லாம் பார்க்க முடியாது. ஆகவே ஓ.டி. கொடுக்கிற கம்பெனி நல்ல கம்பெனி. சம்பளம் திருப்தியா என்று படிவத்தில் கேட்டால் "திருப்தி" என்றுதான் எழுதுவோம். ஆனால் அதே ஓ.டி.தான் பிள்ளையின் பள்ளி விளையாட்டுப் போட்டியையும், கோயில் திருவிழாவையும், தூக்கத்தையும் தின்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து பாலம் தாண்டி வீடு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும், அல்லது பள்ளிக்குக் கிளம்பியிருக்கும். இந்த நிலைமையில் இருப்பவரிடம் போய் "உன் வேலையில் உனக்குத் திருப்தியா?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். சம்பளம் போதாதபோது மனநிறைவு பற்றிப் பாடம் எடுப்பதும் தப்பு. உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே சொன்னார்: சம்பளம், மேலதிகாரி, வேலையிடச் சூழல் இவையெல்லாம் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும், அவை சரியானால் அதிருப்தி போகும், அவ்வளவே. மகிழ்ச்சி வருவது வேலையிலிருந்தும், செய்ததற்குக் கிடைக்கும் மதிப்பிலிருந்தும், பொறுப்பிலிருந்தும். அவருடைய கோட்பாட்டை நிறைய பேர் விமர்சித்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வேறுபாட்டை நான் தினமும் லைனில் பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். சர்க்யூட் போர்டில் மெஷின் சிறு பாகங்களைப் பொருத்தும் எங்கள் எஸ்.எம்.டி. லைனில் ஒரு அக்கா இருந்தார். சுங்கை பட்டாணியிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருபவர், விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பார். அப்ரைசலில் ஒத்துழைப்புக்கு ஐந்துக்கு இரண்டு. அடிக்கடி எம்.சி. (மருத்துவ விடுப்பு), மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டார், ஓ.டி. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் லீடராக அந்த லைனுக்குப் போனபோது முதலில் எனக்குச் சொல்லப்பட்டதே "அந்தம்மாகிட்ட ஜாக்கிரதை" என்பதுதான்.

அந்த லைனில் ஒரு குறிப்பிட்ட மெஷின், ரீலில் சுற்றியிருக்கும் பாகத்தை அடிக்கடி எடுக்காமல் விட்டுவிடும். டெக்னீஷியன்கள் பாகத்தை உறிஞ்சி எடுக்கும் நாசிலைத் துடைப்பார்கள், மாற்றுவார்கள், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடியும் நிற்கும். நின்ற நிமிடங்களெல்லாம் ஆபரேட்டர் பெயரில் ஏறும். ஒருநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கவுன் அறையில் முகமூடியைக் கழற்றிக்கொண்டே அந்த அக்கா சலிப்போடு சொன்னார்: "ரீல் மாத்தின பிறகுதான் இது நிக்கும். எத்தனை தடவ சொல்றது?" சரி, பார்ப்போம் என்று, ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே குறித்துவைத்திருந்தார், ஒரு பழைய லாட் கார்டின் பின்பக்கத்தில், பென்சிலில். பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. கோளாறு நாசிலில் இல்லை, ரீலை மெஷினுக்குள் நகர்த்தும் ஒரு ஃபீடரின் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. மாற்றினார்கள். மறுநாள் காலை பிரீஃபிங்கில் இன்ஜினியர் எல்லார் முன்னாலும் அவர் பெயரைச் சொல்லி, இதைக் கண்டுபிடித்தது இவர்தான் என்றார்.

அதன் பிறகு அவர் தலைகீழாக மாறிவிட்டார் என்று கதை சொல்ல மாட்டேன். அவருடைய கணவருக்கு உடல்நிலை சரியில்லை, எம்.சி. முழுவதும் நிற்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்தார். புதியவர்களுக்கு ரீல் மாட்டச் சொல்லிக்கொடுத்தார். பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரியிடம் அந்த மெஷினைப் பற்றிப் பெருமையாகப் பேசினாராம். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட "ஆட்டிட்டியூட்", சொன்னதை யாரும் கேட்காததால் வந்த அலுப்பு. ஹேக்மன், ஓல்டம் என்ற இருவர் 1976இல் எழுதியது இதற்குப் பொருந்தும்: ஒரு வேலையில் பலவிதத் திறமைக்கு இடம், முழுசாக ஒன்றைச் செய்து முடிக்கிற உணர்வு, அது யாருக்காவது பயன்படுகிறது என்ற எண்ணம், தானே முடிவெடுக்கும் சுதந்திரம், செய்தது சரியா தப்பா என்று தெரியவருவது, இந்த ஐந்தும் மனநிறைவைத் தீர்மானிக்கின்றன. அந்த அக்காவுக்குக் கடைசி இரண்டும் ஒரே நாளில் கொஞ்சம் கிடைத்தன. செலவு ஒரு பல்சக்கரம்.

சுதந்திரம் என்று சொன்னது வெறும் மனசு சம்பந்தப்பட்டதும் இல்லை. லண்டனில் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் இரண்டாம் ஆய்வில், தன் வேலையில் தானே முடிவெடுக்கும் அதிகாரம் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. டாய்லெட் போகக்கூட டேக் (அனுமதி அட்டை) வாங்கிக்கொண்டு போக வேண்டிய லைன்களில் வேலை செய்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மேனேஜர்மார் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: திருப்தியாக இருப்பவர் நன்றாக வேலை செய்வாரா? 2001இல் 312 மாதிரிகளை, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை, சேர்த்துப் பார்த்த ஆய்வில் ஒட்டுறவு 0.30 வந்தது. சிக்கலான வேலைகளில் அது இன்னும் கூடுதல். உங்கள் டெக்னீஷியன் வேலை அந்த ரகம்தான், யோசித்துச் செய்ய வேண்டியது. அங்கே மனம் வெறுத்துப்போனால் மெஷினிலேயே தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஸ்டா, ராஸ் என்பவர்கள் 1985இல் காட்டியபடி, கம்பெனி மாறி, வேலையே மாறினாலும் சிலருடைய வேலை மனப்போக்கு பெரும்பாலும் முன்பு இருந்தது போலவே இருக்கிறது. சுபாவத்துக்கும் பங்கு உண்டு. நீங்கள் இதற்கு முன் செய்த வேலைகளிலும் இதே கசப்பு இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்தது என்றால் கம்பெனி மாற்றுவது மட்டும் போதாது. இல்லை, இங்கே வந்த பிறகுதான் என்றால், எது மாறியபோது ஆரம்பித்தது என்று தேடுங்கள்: புது மேனேஜரா, ஷிஃப்ட் மாற்றமா, பதவி உயர்வு தள்ளிப்போனதா? "வேலை பிடிக்கவில்லை" என்பது மிகப் பெரிய வார்த்தை. அதற்குள் உங்களை அரிக்கும் விஷயம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் "வேலை கெடச்சதே பெரிசு, இதுக்குப்போய்" என்பார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தில் வந்த பேச்சு அது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அதற்காகத் தேடுவதை விட்டுவிடாதீர்கள்.

உங்களை அரிப்பது நேரம்தான் என்றால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மலேசிய வேலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆக்கியது. அதோடு வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் "ஆட்டிட்டியூட் பிராப்ளம்" என்று வாய்வார்த்தையில் போய்க்கொண்டிருந்த விஷயம் காகிதத்துக்கு வரும்.

அரிப்பது உங்கள் பேச்சை யாரும் கேட்காததுதான் என்றால், மேனேஜரிடம் "என் ஆட்டிட்டியூட்ல எது சரியில்லை, ஒரு உதாரணம் சொல்லுங்க" என்று நிதானமாகக் கேளுங்கள். உதாரணம் சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம். உதாரணமே சொல்ல முடியாதவரிடம் இன்னும் எத்தனை வருடம் இருப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து காவான் பக்கமும் குலிம் பக்கமும் டெக்னீஷியன்களைத் தேடுகிறார்கள். நேர்முகத்துக்குப் போனால் சம்பளத்தோடு மூன்று விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள்: ஷிஃப்ட் எப்படிச் சுழலும், சொல்கிற சம்பளத்தில் ஓ.டி. எவ்வளவு, மெஷின் சரியில்லை என்று டெக்னீஷியன் சொன்னால் லைனை நிறுத்துவது யார்.