மூணு நம்பர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கள்ள லாட்டரி ஒழிந்தபாடில்லை. கேரளத்தைப் போல அரசே நடத்தினால் கஜானாவுக்கு வருமானமாவது வருமே? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: இங்கே ஓடும் கள்ள லாட்டரி என்ன என்று பாருங்கள். டீக்கடை ஓரத்தில் ஒருவர் துண்டுச்சீட்டில் மூன்று எண்களை எழுதித் தருகிறார். மதியத்துக்கு மேல் கேரள அரசின் குலுக்கல் முடிவு வந்ததும், அதன் கடைசி மூன்று எண்களோடு ஒத்துப்பார்க்கிறார்கள். அரசு லாட்டரியின் முதுகில் ஏறித்தான் கள்ள லாட்டரியே ஓடுகிறது! 1967 முதல் அரசே சீட்டு விற்கும் கேரளத்திலும் இதே மூன்று நம்பர் ஆட்டத்துக்காகப் போலீஸ் ஆட்களைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அரசுக் கடை திறந்தால் கள்ளக் கடை மூடிவிடும் என்று எதை வைத்து நம்புவது?

நாமும் நடத்திப் பார்த்தவர்கள்தான். 1968-இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று தொடங்கினோம். நல்ல நோக்கம்தான், சந்தேகமில்லை. இடையில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, 2003-இல் ஒரேயடியாக மூடினோம். கூலியை வாங்கிய கையோடு சீட்டை வாங்கிக்கொண்டு வெறுங்கையாக வீடு திரும்பியவர்களின் மனைவிமாரைக் கேளுங்கள், அந்த வருமானம் யாருடைய அடுப்பிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அதில் ஆஸ்பத்திரியே கட்டினாலும் எனக்குச் சம்மதமில்லை. 2019-இல் விழுப்புரத்தில் மூணு நம்பரில் கடனாளியான ஒரு நகைத் தொழிலாளியின் வீட்டில் மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து உயிர்கள் போயின.

சரி, செல்போனில் பணம் கட்டி ஆடும் சூதாட்டத்துக்கு வருவோம். லாட்டரிக் கடைக்காவது நடந்து போக வேண்டும், கடை சாத்தும் நேரம் என்று ஒன்று உண்டு. போனில் அதுவும் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே சம்பளம் மொத்தமும் கரைந்துவிடும். அப்புறம் விட்டதைப் பிடிக்க அதே போனில் கடன் ஆப். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை காசு கட்டி ஆடக்கூடாது என்று தமிழக அரசு விதி போட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, ‘இது அதிர்ஷ்டமல்ல, திறமை விளையாட்டு’ என்ற சாக்கையும் ஏற்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆப்பை மட்டும் முடக்கினால் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்கும். பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்குகளை முடக்க வேண்டும். மூணு நம்பர் எழுதுகிறவரோடு வழக்கை முடித்துக்கொள்ளாமல், அவரிடம் வசூலிக்கும் ஏஜென்ட்டையும் பிடிக்க வேண்டும்.