கோர்சேர் மாடல்: மூக்குல ஒரு துப்பாக்கியா, ரெண்டா?

ப்ரோ, உங்க கோர்சேர் விமான மாடலோட துப்பாக்கி போட்டோவோட ஒத்துப்போகலன்னு கேட்டீங்கல்ல, உங்க கிட் ஏ-7இ (அதாவது ஏ-7 கோர்சேர் போர் விமானத்தோட இ மாடல்), ஆனா ஒட்டணும்னு வச்சிருக்க டீகால் (விமானக் குறி ஸ்டிக்கர்) 1967 ரேஞ்சர் விமானந்தாங்கிக் கப்பலோட விஏ-147 ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), அதான் ஒத்துப்போகல. அந்த வருஷம் டிசம்பர்ல வியட்நாம்ல முதல்முதலா சண்டைக்குப் போனது ஏ-7ஏ. அதுல காத்து உள்ளே போற வாய்க்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு 20 மிமீ துப்பாக்கி. இ மாடல்ல அதையெல்லாம் தூக்கிட்டு இடது பக்கம் மட்டும் ஒரே ஒரு வல்கன் துப்பாக்கி, ஆறு குழல் சுத்துற சமாச்சாரம். உங்க கிட்ல இடது பக்கம் மட்டும் ஓட்டை இருக்கும் பாருங்க.

இத ஏ மாடலா மாத்த அந்த ஓட்டைய புட்டி (பசை மாதிரி பூச்சு) வச்சு அடைச்சு மல்லுக்கட்ட வேணாம், இன்ஜினே வேற, உள்ள எலக்ட்ரானிக்ஸும் வேற. அதே விஏ-147 1970ல 'அமெரிக்கா'ங்கிற பேருள்ள கப்பல்லேருந்து இ மாடலோட போச்சு, வால்ல இருக்க என்இங்கிற குறி எழுத்த எடுத்துட்டு என்ஜி போடுங்க, கப்பல் பேரையும் மாத்துங்க, மேல சாம்பல் கீழ வெள்ளை பெயின்ட் அப்படியே ஓகே.

இல்ல வளைகுடாப் போர்தான் வேணும்னா 1991, ஜான் எஃப் கென்னடி கப்பல், விஏ-46 இல்லன்னா விஏ-72. அமெரிக்க நேவில கோர்சேரோட கடைசி சண்டை அதுதான், ஏ-6ங்கிற இன்னொரு விமானம் விட்ட ஸ்லாம் ஏவுகணைய இதுலேருந்து வழிகாட்டிருக்காங்க! ஆனா அதுக்கு முழுக்க மங்கின சாம்பல்தான், வெள்ளை வயிறு கூடாது.